கெற் என்ற சொல்லும் என் தலையும்

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்த காலம் முழுக்க, 'கெற்' (get) என்ற சொல்லைக் கண்டால் சிவப்பு மையால் வெட்டிவிடுவேன். எனக்குப் படிப்பித்த ஆசிரியையும் அப்படித்தான் வெட்டினார். அது சோம்பேறிகளின் சொல் என்பது அவருடைய கட்சி. கடிதம் கிடைப்பதற்கு ஒரு சொல், வேலை கிடைப்பதற்கு ஒரு சொல், கிழவனாவதற்கு ஒரு சொல் என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் கௌரவமான சொற்கள் இருக்கும்போது, எங்கே போனாலும் பின்னால் வந்து நிற்கும் இந்தப் பொடிச் சொல்லை ஏன் வீட்டுக்குள் விடவேண்டும்? நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு என் மாணவிகளின் கொப்பிகளைச் சிவப்பாக்கினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவின் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கினால், நாடே அந்த ஒரு சொல்லில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஏறுவதும் கெற், இறங்குவதும் கெற். தடிமன் பிடித்து மூக்கு ஒழுகினாலும் கெற், கல்யாணம் முடித்தாலும் கெற். நான் வேலை செய்த பிஸ்கற் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் காலை தொடங்கி மாலைவரை வேறு வினைச்சொல் பாவித்ததாக எனக்கு நினைவில்லை. பெட்டிகளை அடுக்கிக்கொண்டே அவருடைய வாக்கியங்களை மனத்துக்குள் வெட்டித் திருத்திக்கொண்டிருப்பேன். கைக்கு வேலை இருந்தது, வாய்க்கு இல்லை.

அப்படி இருந்தவளுக்குத்தான் ஒரு வகுப்புக் கிடைத்தது. ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்தின் நிலக்கீழ் அறையில், புதிதாக வந்த பெரியவர்களுக்குக் காலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. அங்கே இருந்த ஆசிரியை பிள்ளைப்பேற்று விடுமுறையில் போனதால் அந்த இடம் தற்காலிகமாக எனக்கு வந்தது. படிக்க வந்தவர்கள் எல்லாரும் சீனமொழி பேசுகிறவர்கள். பெரும்பாலானோர் ஹொங்கொங்கிலிருந்து வந்தவர்கள், சிலர் சீனாவின் தெற்குப் பக்கம்.

வகுப்புகளுக்குப் பொறுப்பான பெண்மணி முதல் நாளே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். மார்ச் விடுமுறைக்கு முன் ஒரு நாள் வந்து பின் வரிசையில் உட்காருவாராம். "உங்கள் ஆங்கிலம் நல்லதென்று எனக்குத் தெரியும். அதைக் கேட்க நான் வரப்போவதில்லை. அவர்கள் பேசவேண்டும். அவர்கள் பேசினால் வகுப்பு உங்களுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன்" என்றார். இதைவிட வெளிச்சமாக ஒருவர் பேசமுடியாது. நான் பிஸ்கற் தொழிற்சாலையில் சொல்லிவிட்டு விலகி வந்திருந்தேன். திரும்பிப் போனால் ஏற்றுக்கொள்வார்கள், அது ஒரு பிரச்சினை இல்லை. திரும்பிப் போக எனக்கு மனமில்லை. சோக்குக்கட்டி கையில் பட்ட அன்று எனக்கு என் பழைய உயரம் திரும்பி வந்திருந்தது.

வகுப்பில் இரண்டு பேரை முதல் நாளிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. ஒருவர் முன் வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்காரும் வயதானவர். ஹொங்கொங்கில் பஸ் ஓட்டியவர். மற்றவர் பின்னேரங்களில் ஒரு சீன உணவகத்தின் குசினியில் இறால் கொழுக்கட்டை பிடிக்கிற பெண். மனத்துக்குள் நான் வைத்த பெயர்கள் பஸ்காரர், கொழுக்கட்டைக்காரி. பனி கொட்டிப் பள்ளிக்கூடம் மூடுகிற நாட்களில் நான் கொழுக்கட்டைக்காரிக்கு மட்டும் ரெலிபோன் எடுத்தால் போதும். அவர் இன்னொருவருக்கு, அவர் இன்னொருவருக்கு என்று அரைமணி நேரத்தில் முழு வகுப்புக்கும் சேதி போய்விடும்.

பாடத்திட்டத்தில் அந்த மாதத்துக்கு விதித்திருந்த சொல், வேறு என்ன, கெற். என் தலைவிதியை நானே நொந்துகொண்டு கரும்பலகையில் எழுதினேன். சீனத்தில் இதற்கு என்ன சொல் என்று கேட்டேன். தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கொழுக்கட்டைக்காரி, "ஒரு சொல் இல்லை ரீச்சர், நிறையச் சொல்" என்று கையை விரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கும் அதே கதிதானே. தமிழில் பசி வரும், காய்ச்சல் வரும், கோபம் வரும், நித்திரையும் வரும். எல்லாம் தானாக வீடு தேடி வரும். ஆங்கிலக்காரன் மட்டும்தான் பசியையும் காய்ச்சலையும் தானே போய் எடுத்துக்கொண்டு வருகிறான். இதை எனக்குத் தெரிந்த மட்டும் நடித்துக் காட்டினேன். பஸ்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இந்த வகுப்பு எனக்குத்தான் என்று அன்று வீட்டுக்குப் போய் என் கணவரிடம் அடித்துச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் கெட்டது எல்லாம்.

குளிர்காலத்தைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு வசனம் சொல்லவேண்டும் என்றேன். பஸ்காரர் எழுந்து நின்று, "ஐ கெற் கோல்ட்" என்றார். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன், அவருடைய முகம் சுருங்கியது. கொஞ்சம் யோசித்தார். "ஐ கெற் த கோல்ட்?" என்றார். பிறகு, "ஐ ஆம் கெற் கோல்ட்?" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார். நல்லாய்த்தானே சொன்னீர் மனிசா, ஏன் அதைப் போட்டுக் குழப்புகிறீர் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

அடுத்தவருக்கும் அதே கதை. சரியான வசனம் வாயில் வரும், என்னைப் பார்ப்பார், பதறுவார், மாற்றுவார், பிழையாக்கிவிட்டு நிம்மதியாக உட்காருவார். அடுத்த நாள் வந்தபோது வகுப்பே ஒரு முகமாக "ஐ ஆம் கெற் கோல்ட்" என்றது. புத்தகத்தைத் திறந்து சரியான வசனத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தார்கள், பணிவாக நிமிர்ந்தார்கள், மறுபடியும் பிழையாகவே சொன்னார்கள். நாள் போகப்போகச் சத்தமும் குறைந்தது. பெப்ரவரி முடிகிறபோது நான் கேட்ட கேள்விக்குப் பதிலாக அறையின் சூடாக்கி இரைவது மட்டும்தான் கேட்டது.

எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. அது மனத்தில் முள்ளாகக் குத்தியது. பின்னேர வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என் கணவரிடம் கொட்டித் தீர்த்தேன்.

"உவை என்னை மதிக்கேல்லை. வெள்ளைக்காரி வந்து படிப்பிப்பாள் எண்டு பாத்திருப்பினம். இந்தக் கறுப்பி என்ன இங்கிலீசு படிப்பிக்கிறது எண்டு நினைக்கினம் போல."

"ஆர் உமக்கு அப்பிடிச் சொன்னது?"

"ஒருதரும் சொல்லேல்லை. வேணுமெண்டே பிழையாச் சொல்லினம். அதைவிட என்ன சொல்லவேணும்?"

"இஞ்சேரும், சும்மா மனதைப் போட்டு அலட்டாதையும். குளிருக்கு வாய் விறைச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பூட்சுக்குள் காலை நுழைத்தார். அவருடைய ஆறுதல்கள் எப்போதும் இந்தத் தரத்தில்தான் இருக்கும்.

பொறுப்பாளர் வருகிற நாளும் நெருங்கிவிட்டது. வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். புதன்கிழமை வகுப்பு முடிந்து மோர்னிங்சைட் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நிற்கிறேன், தரையில் கிடந்த பனியைக் காற்று வாரி முகத்தில் அடிக்கிறது. கொழுக்கட்டைக்காரி மூச்சு வாங்க ஓடி வந்தார். அவருடைய பஸ் எதிர்ப்பக்கம் என்பது எனக்குத் தெரியும். பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். அவர் அன்று பேசிய ஆங்கிலத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்.

"ரீச்சர், ஒரு கேள்வி. கோபம் வேண்டாம்."

"கேளுங்கள்."

"'ஐ கெற் கோல்ட்.' என் மகளின் பள்ளிக்கூடத்தில் இது சரி. புத்தகத்தில் சரி. உங்கள் வகுப்பில் மட்டும் பிழை. ஏன்?"

"நான் எப்போது பிழை என்று சொன்னேன்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பஸ் தரிப்பில் எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. ஆனாலும் ஒரு தயக்கம். பிறகு குளிர்த்தொப்பி போட்ட தலையை மெல்ல இடமும் வலமுமாக ஆட்டினார். கண் பாதி மூடி, நாடி கொஞ்சம் உயர்ந்து, உதட்டில் ஒரு சின்னத் திருப்தியோடு.

அது என் தலை. நான் கண்ணாடியில் ஒருநாளும் பார்த்திராத என் சொந்தத் தலை, ஒரு சீனப் பெண்ணின் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்தில் நான் எந்தப் பிள்ளையையும் வாயால் புகழ்ந்ததில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் புகழ்வதில்லை. வாயால் புகழ்ந்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்பது எங்கள் எண்ணம். பிள்ளை சரியாகச் சொன்னால் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவோம், அந்த ஆட்டத்துக்காகப் பிள்ளைகள் உயிரை விடுவார்கள். பிழையாகச் சொன்னால் மேலும் கீழுமாக ஆற அமர ஆட்டுவோம். 'உம்மட்டைப் போய்க் கேட்டன் பாரும், சரி, இரும்' என்று அதற்குப் பொருள். அந்த இரண்டு ஆட்டத்தையும் மாற்றமில்லாமல் ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்து, ஆமென்றால் மேலும் கீழும், இல்லையென்றால் இடமும் வலமும் ஆட்டுகிற மனிதர்களுக்கு முன்னால் வாரக்கணக்காக ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"ஐயோ, அது பிழை என்றதல்ல! சரி என்றது! மிகவும் சரி!" என்றேன். சொல்லச் சொல்ல என் தலை இரண்டு பக்கமும் ஆடியது.

"பிழையா?" என்றார்.

"இல்லை, சரி!" மறுபடியும் ஆடியது. கடைசியில் தோடம்பழத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையுறை போட்ட கையால் என் நாடியைப் பிடித்து நிறுத்தி, "சரி" என்று சொன்னேன்.

அவர் தன் தலையை நிமிர்த்தி, பிறகு குனிந்து காட்டினார். "அப்படியென்றால் மேலும் கீழும்?"

"அதுதான் பிழை."

"ஓ" என்றார். "முன் வரிசைத் தாத்தா பாவம். 'ஐ ஆம் கெற்' என்று வீட்டில் ஒவ்வொரு நாளும் பழகுகிறார்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏன் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை என்றேன். எல்லாருக்கும் முன்னால் ஆசிரியையைக் கேள்வி கேட்டால் ஆசிரியைக்கு அவமானம் என்றார். அதோடு, இதைப்பற்றி அவர்கள் எல்லாரும் கூடிக் கதைத்தும் இருந்தார்கள். புத்தகம் அமெரிக்காவில் அச்சடித்தது, ரீச்சர் பழைய இங்கிலாந்து ஆங்கிலம் படித்தவர், அவருக்குத்தான் நுணுக்கம் தெரியும், புத்தகத்தை விட்டுவிட்டு ரீச்சரைப் பிடிப்போம் என்று தீர்ப்புச் சொன்னவர் பஸ்காரர்.

என்னை மதிக்கவில்லை என்று நான் வீட்டில் மூக்கைச் சிந்திய நாட்களில், அவர்கள் அச்சடித்த புத்தகத்தையும் சொந்தக் காதையும் தள்ளிவைத்துவிட்டு என் தலையை நம்பியிருக்கிறார்கள். நெஞ்சில் ஏறிக் குந்தியிருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. அந்தப் பனிக்காற்றில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். ஆசிரியை சிரிக்கும்போது தானும் சிரிக்கலாமா என்று அவர் கொஞ்சம் பார்த்துவிட்டு, பிறகு என்னைவிட அதிகமாகச் சிரித்தார். என் பஸ் வந்து கதவைத் திறந்து, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, கதவை மூடிக்கொண்டு போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். நாளைக்கு ஒரு காலைநேரத்துக்காவது தலையை அடக்கப் பழகவேண்டும், நீங்கள் கேள்வி கேளுங்கள் என்றேன். அவர் சோற்றுக்கோப்பையோடு எதிரே உட்கார்ந்தார்.

"தேத்தண்ணி குடிக்கிறீரோ?"

தலை இரண்டு பக்கமும் ஆடியது.

"பிழை. திருப்பி. உம்மடை தம்பி அஜக்ஸிலை வீடு வாங்கிறது நல்லதோ?"

நல்லதுதானே, அதற்கும் ஆடியது.

"என்னப்பா, ஒரு தலையை அடக்கத் தெரியேல்லையே உமக்கு?"

"உங்களுக்குத் தெரியுமோ அப்ப?"

"எனக்கென்ன, வடிவாத் தெரியும்" என்றார். சொல்லும்போது அவருடைய தலை கோயில் மாட்டின் தலையைப்போல ஆடியது. அவருக்கு அது தெரியவே இல்லை. பயிற்சி அத்தோடு முடிந்தது.

என் திட்டம் இதுதான். வியாழன் காலையில் முந்திப்போய், பொறுப்பாளர் வருவதற்கு முன் வகுப்புக்கு விஷயத்தைச் சொல்லிவிடவேண்டும். பொறுப்பாளர் ஒஷாவாவிலிருந்து காரில் வருகிறவர். விடியவே பனி கொட்டத் தொடங்கியது. 401 நெடுஞ்சாலையில் கார்கள் அசையக்கூடாது, அசையாவிட்டால் தேங்காய் உடைப்பேன் என்று பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டு பஸ் ஏறினேன். 401 அசைந்ததோ இல்லையோ, என் பஸ் அசையவில்லை. நான் அரக்கப்பரக்க வகுப்புக்குள் நுழைந்தபோது, பனியைக் கண்டு வேளைக்கே புறப்பட்டு வந்த பொறுப்பாளர் பின் வரிசையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். மாணவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு கல்லுப்பிள்ளையாராக இருந்தார்கள். அவருக்கு முன்னால் என் தலையைப்பற்றி எப்படிப் பேச்செடுப்பது? குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டேன்.

கரும்பலகையில் கெற் என்று எழுதினேன். "குளிர்காலத்தில் உங்களுக்கு என்ன நடக்கிறது?" என்று கேட்டேன். சூடாக்கி இரைந்தது. பின்னால் பொறுப்பாளர் பேனாவின் மூடியைக் கழற்றுவது தெரிந்தது. இன்று பின்னேரம் தொழிற்சாலைக்குப் போன் எடுக்கவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

பஸ்காரர் எழுந்தார்.

"ஐ கெற் கோல்ட்" என்றார்.

கழுத்தை இரும்பாக்கிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மாணவரைப் பார்த்து "குட்" என்று சொன்னேன். ஆனால் வாய் ஒன்றைச் சொல்ல, தலை தன்பாட்டில் தன் வேலையைச் செய்தது. இடம், வலம், இடம். போச்சுது என்று கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் உட்காரவில்லை. என் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "ஐ கெற் கோல்ட் அற் த பஸ் ஸ்ரொப்" என்றார். என் தலை ஆடியது. "பஸ் கம். ஐ கெற் ஒன் த பஸ்." ஆடியது. "ஐ கெற் வோர்ம்!" என்று வெற்றிக்கொடி நாட்டுவதுபோல முடித்தார். நான் கொழுக்கட்டைக்காரியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒன்றும் அறியாதவர்போல யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்தினம் வேலைக்குப் போவதற்கு முன், பனி நாட்களில் செய்வதுபோலவே ஒருவருக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறார். அது முழு வகுப்பையும் சுற்றி வந்திருக்கிறது.

பிறகு யாராலும் அவர்களை நிறுத்த முடியவில்லை. பசி எடுத்தவர்கள், கோபம் வந்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், பாதை தவறியவர்கள், மகனுக்குப் பெண் கிடைக்காதவர்கள் எல்லாரும் எழுந்து நின்று கெற் கெற் என்று பேசினார்கள். வாரக்கணக்கில் விழுங்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. பாதி வசனங்கள் பிழைதான். பிழைக்கு நான் மேலும் கீழும் ஆட்ட, பணிவாக உடனே திருத்திக்கொண்டார்கள். என் பழைய ஆசிரியை அங்கே இருந்திருந்தால் சிவப்பு மை போதாமல் மயங்கியிருப்பார். எனக்கோ அந்தச் சொல்லைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சவேண்டும்போல இருந்தது.

வகுப்பு முடிகிற நேரம் பொறுப்பாளர் எழுந்து முன்னால் வந்தார். பஸ்காரரைப் பார்த்து, "இந்த ஆசிரியை உங்களுக்குப் பிடித்திருக்கிறாரா? இவரே தொடர்ந்து இருக்கலாமா?" என்று கேட்டார்.

பஸ்காரர் நிமிர்ந்து நின்று, கண்ணைப் பாதி மூடி, தலையை மிகுந்த மரியாதையோடு இடமும் வலமுமாக ஆட்டினார்.

பொறுப்பாளரின் முகம் விழுந்தது. அடுத்த வரிசையைப் பார்த்தார். அவர்களும் ஆட்டினார்கள். கொழுக்கட்டைக்காரி ஆட்டினார். அறை முழுக்க, யாழ்ப்பாணத்து ஆசிரியர் கூட்டம் ஒன்றில் சம்பள உயர்வை அறிவித்ததுபோல, தலைகள் ஆடின. நான் ஓடிப்போய் நடுவில் நின்று, வாய் குழற, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிமுடித்தேன். பொறுப்பாளர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போகும்போது கதவடியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்து, கழுத்துப் பிடித்தவரைப்போலத் தன் தலையையும் இரண்டு பக்கமும் ஒருதரம் ஆட்டினார்.

"அது ஆமா, இல்லையா?" என்று கேட்டேன்.

"ஆம்" என்றார். "வகுப்பு உங்களுக்கு."

வீட்டுக்கு வரும் வழியில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. பரவாயில்லை, எனக்கு ஓர் அவசரமும் இல்லை. பஸ்காரர் எழுந்ததிலிருந்து ஒன்றுவிடாமல் கணவருக்கு எப்படிச் சொல்வது என்று யன்னலோடு சாய்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் வேலைக்குப் போகிற சப்பாத்துக் காலோடு கதவைத் திறந்தார்.

"என்ன மாதிரி? கிடைச்சுதோ?"

ஒத்திகை பார்த்த ஒரு சொல்லும் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. என் தலை மட்டும் தன்பாட்டில் இரண்டு பக்கமும் ஆடியது.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர். "உள்ளை வாரும், தேத்தண்ணி போடுறன்."